தொடர்பு அறுந்த விண்கலத்தை மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோள்களுக்கிடையே பயணம் செய்யும் விண்கலம் ஒன்று மௌனமாகிவிட்டது என்று ஒரு நாள் செய்தி வருகிறது. சில வாரங்களோ சில ஆண்டுகளோ கழித்து, அதனுடன் மீண்டும் தொடர்பு கிடைத்துவிட்டது என்று இன்னொரு செய்தி வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே தரையில் என்ன நடந்தது என்பதும், தொடர்பு கிடைத்த பிறகு என்ன ஆயிற்று என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தொடர்பு கிடைப்பதும் விண்கலம் பிழைப்பதும் ஒன்றல்ல. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போன கலங்களும் உண்டு. வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

தொடர்பு அறுந்தது என்றால் விண்கலம் அழிந்துவிட்டது என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. விண்கலம் முழு நலத்தோடு இருந்து, அதன் ஆன்டெனா மட்டும் பூமியை விட்டு விலகியிருக்கலாம். 2023 ஜூலை 21 அன்று அனுப்பப்பட்ட ஆணைகளால் நாசாவின் வாயேஜர் 2 கலம் தன் ஆன்டெனாவை வெறும் 2 டிகிரி திருப்பிக்கொண்டது. ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில் அந்த 2 டிகிரியே அதன் குரல் பூமியை அடையாமல் போவதற்குப் போதுமானதாக இருந்தது. இன்னொரு வகையில், சமிக்ஞை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், ஆனால் அதில் பொருள் இருக்காது. 2023 நவம்பரில் வாயேஜர் 1 அப்படித்தான் உளறத் தொடங்கியது. தரவுகளைத் தொகுத்தனுப்பும் அதன் கணினியில் ஒரு நினைவகச் சில்லு பழுதாகியிருந்தது என்று 2024 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கண்டறிந்து, அச்சில்லில் இருந்த நிரல்பகுதியைத் துண்டு துண்டாக வேறிடங்களுக்கு மாற்றிய பிறகே அது மீண்டும் தெளிவாகப் பேசியது.

உண்மையிலேயே அழிந்துபோன கலங்களும் உண்டு. 2002 ஆகஸ்டு 15 அன்று தன் ராக்கெட்டை இயக்கிய காண்டூர் என்ற வால்மீன் ஆய்வுக் கலம் அதன் பின் பேசவே இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் தொலைநோக்கிகள் ஒரு பொருளுக்குப் பதிலாகப் பல துண்டுகளைக் கண்டன. இப்படி நேரில் பார்த்து முடிவு கட்டும் வாய்ப்பு அரிது. மற்ற நேரங்களில் மௌனத்துக்கான காரணத்தை மௌனத்திலிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பொதுவாக எதனால் தொடர்பு அறுகிறது?

கலம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. சூரியத் தகடுகள் சூரியனைப் பார்க்கவேண்டும், ஆன்டெனா பூமியைப் பார்க்கவேண்டும், சில கருவிகள் வெயிலிலும் சில நிழலிலும் இருக்கவேண்டும். திசை தவறினால் முதலில் தொடர்பு போகும். அடுத்து மின்சாரம் போகும். மின்சாரம் போனால் சூடேற்றிகள் நின்று எரிபொருள் உறையும். எரிபொருள் உறைந்தால் திசையைத் திருத்தும் வழியும் அடைபட்டுவிடும். ஒரு தவறு அடுத்த தவறை இழுத்துவரும் இந்தச் சங்கிலி சில மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடியது.

முதல் கண்ணி பல நேரங்களில் தரையிலிருந்து அனுப்பப்பட்ட ஆணையாகவே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். செவ்வாயின் நிலவை நோக்கி 1988 ஜூலையில் ஏவப்பட்ட சோவியத் ஒன்றியத்தின் ஃபோபோஸ் 1, பிழையான ஓர் ஆணையால் திசை காக்கும் உந்துகருவிகளை அணைத்துக்கொண்டு, மெல்லச் சூரியனை விட்டுத் திரும்பி, பேட்டரி தீர்ந்து, செப்டம்பரில் தொலைந்தது.

இதைவிட விரிவாகப் பதிவாகியிருப்பது சோஹோ என்ற சூரிய ஆய்வுக் கலத்தின் கதை. ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 அன்று ஏவிய இக்கலம், பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1998 ஜூன் 24 அன்று வழக்கமான பராமரிப்புப் பணியின்போது, திருத்தியமைக்கப்பட்ட ஆணைத் தொகுப்புகளில் இருந்த பிழைகளால் கலம் அவசர நிலைக்குப் போனது. அதன் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்புகளில் ஒன்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆனால் அவசர நிலையில் உருளலைக் கட்டுப்படுத்தும் நிரல் அந்த நின்றுபோன கருவியின் அளவையே நம்பிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த நல்ல கைரோஸ்கோப்பு வேறு எண்ணைக் காட்டியது. இரண்டும் முரண்பட்டபோது, தரையிலிருந்தவர்கள் நல்லதைக் கெட்டது என்று கருதி அணைத்துவிட்டார்கள். சில மணி நேரத்தில், ஜூன் 25 அதிகாலையில், கலம் கட்டுமீறிச் சுழன்று மௌனமானது. இரண்டு கருவிகளில் எது பொய் சொல்கிறது என்று நிதானமாகச் சரிபார்க்கச் சில மணி நேரம் செலவிட்டிருந்தால் அடுத்த மூன்று மாதப் பாடு மிச்சமாகியிருக்கும்.

மௌனமான உடனே தரையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் பழுது தரையில் இல்லை என்று உறுதி செய்கிறார்கள். வேறொரு ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பதும், ஆன்டெனா சரியான இடத்தை நோக்குகிறதா என்று பார்ப்பதும் அதில் அடங்கும். அதன் பிறகு, கடைசியாக வந்த டெலிமெட்ரியை, அதாவது கலம் தன் உடல்நிலையைப் பற்றி அனுப்பும் அளவுகளை, நொடி நொடியாக விரித்துப் படிக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் பேட்டரி எவ்வளவு இருந்தது, எந்த அச்சில் எவ்வளவு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது, எந்த ஆணை நடந்துகொண்டிருந்தது என்பவை தெரிந்தால், இப்போது கலம் எப்படிக் கிடக்கிறது என்பதை ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.

சில நேரங்களில் விடை விரைவாகவே வந்துவிடும். 2015 ஜூலை 4 அன்று, புளூட்டோவை நெருங்கப் பத்து நாள் இருக்கையில், நியூ ஹொரைசன்ஸ் கலம் மௌனமானது. 81 நிமிடங்களில் மாற்றுக் கணினியிலிருந்து அதன் குரல் கேட்டது. ஒரே நேரத்தில் இரண்டு கனமான வேலைகளைக் கொடுத்ததால் முதன்மைக் கணினி திணறியது என்பது பிறகு தெரிந்தது. ஆணை போய்ச் சேர நான்கரை மணி, பதில் வர நான்கரை மணி என்ற தொலைவிலும் குழுவினர் மூன்று நாளில் கலத்தை ஒழுங்குபடுத்தி, திட்டமிட்ட ஜூலை 14 அன்றே புளூட்டோவைக் கடக்கச் செய்தார்கள்.

விண்கலம் தானாக எதுவும் செய்யாதா?

செய்யும். ஏதோ சரியில்லை என்று உணர்ந்தால் ஆய்வுக் கருவிகளை அணைத்து, சூரியனை நோக்கித் திரும்பி, குறைந்த வேகத்தில் பேசியபடி ஆணைக்காகக் காத்திருக்கும் பாதுகாப்பு நிலை ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் உண்டு. அதோடு ஒரு கடிகாரமும் உண்டு. பூமியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு எந்த ஆணையும் வராவிட்டால், தன் காதுதான் கெட்டுவிட்டது என்று கலம் முடிவு செய்து, மாற்று அலைவாங்கிக்கோ மாற்று ஆன்டெனாவுக்கோ தாவும். வாயேஜர் 2 தொடர்பாக 1978 ஏப்ரலில் தரைக்குழு ஒரு வாரம் ஆணை அனுப்பத் தவறியபோது, அக்கலம் இப்படித்தான் மாற்று அலைவாங்கிக்குப் போனது. அதைத் தொடர்ந்து முதன்மை அலைவாங்கி செயலிழந்துவிட, பழுதுள்ள மாற்று அலைவாங்கியை வைத்துக்கொண்டே அது இத்தனை ஆண்டுகளாக ஆணை கேட்டு வருகிறது.

இந்தக் கடிகாரமே கலத்தைக் கவிழ்த்ததும் உண்டு. சூரியனை இரு பக்கங்களிலிருந்து பார்க்க 2006 அக்டோபரில் ஏவப்பட்ட ஸ்டீரியோ இரட்டைக் கலங்கள் இரண்டும் 2014-2015 வாக்கில் சூரியனுக்குப் பின்புறம் சென்று மாதக்கணக்கில் தொடர்பின்றி இருக்கவேண்டி வந்தது. அந்த நீண்ட மௌனத்தில் 72 மணி நேரக் கடிகாரம் கலத்தை மறுதொடக்கம் செய்தபடியே இருக்கும் என்பதால், அது ஒழுங்காக நடக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள். 2014 அக்டோபர் 1 அன்று ஸ்டீரியோ-பி திட்டமிட்டபடி மறுதொடக்கம் ஆனது. ஆனால் அதன் சுழற்சியை அளக்கும் கருவியில் ஏற்பட்ட பழுதால், தான் சுழன்றுகொண்டிருப்பதாகக் கலம் தவறாக நம்பியது; இல்லாத சுழற்சியை நிறுத்த முயன்று உண்மையான சுழற்சியை உண்டாக்கிக்கொண்டது. மௌனத்தைத் தாங்குமா என்று பார்க்க நடத்திய சோதனையிலேயே அது மௌனமாயிற்று.

கலம் எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே? பிறகு எதைத்தான் தேடுகிறார்கள்?

வானில் அதன் இடம் தெரியும். உந்துகருவி இயங்காதவரை கலம் சூரியனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு நகர்வதால், பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பாதையை நல்ல துல்லியத்தோடு கணக்கிட முடியும். தெரியாதது அலைவரிசை.

விண்கலங்கள் பெரும்பாலும் 8.4 கிகாஹெர்ட்ஸ் அருகே பேசுகின்றன. இந்த அலைவரிசையில், கலத்துக்கும் பூமிக்கும் இடையிலான வேகம் வினாடிக்கு 1 கிலோமீட்டர் மாறினால், டாப்ளர் விளைவால் சமிக்ஞை ஏறத்தாழ 28,000 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகிறது. இதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். கணக்கில் பிடிபடாதது, அலைவரிசையை நிர்ணயிக்கும் வகையில் கலத்தில் துடித்துக்கொண்டிருக்கும் குவார்ட்ஸ் படிகம்: குளிரில் கிடந்த படிகத்தின் துடிப்பு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மாறினாலே சமிக்ஞை 84,000 ஹெர்ட்ஸ் விலகிவிடும். மங்கிய சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரிக்க ஓரிரு ஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துத் தேடவேண்டும் என்பதால், பல்லாயிரம் அறைகளில் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டியிருக்கிறது. கலம் சுழன்றுகொண்டிருந்தால் அதன் ஆன்டெனா பூமியைப் பார்ப்பது சில வினாடிகளுக்கு மட்டுமே, அதன் பின் மறைந்துவிடும்.

திரையில் இதைப் பார்ப்பவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: அடிப்பக்கம் முழுவதும் வெட்டிய புல்தரை போல ஆடிக்கொண்டே இருக்கும் இரைச்சல், அதில் ஓரிடத்தில் மற்றவற்றைவிட ஒரு முள் உயர்ந்து, நிலைத்து நிற்கிறதா, அல்லது அடுத்த கணமே கரைகிறதா என்பது. அந்த முள்ளில் செய்தி எதுவும் இருக்காது. செய்தியை ஏற்றிவர வேண்டிய வெறும் ஊர்தி அலைதான் அது. ஆனாலும், அது கணித்த டாப்ளர் விகிதத்திலேயே மெல்ல நகர்ந்தால், கேட்பது உள்ளூர் இடையூறு அல்ல, கலத்தின் குரல்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

பதிலே வராதபோது ஆணை அனுப்புவதில் என்ன பயன்?

கலத்தின் வாயும் காதும் ஒரே மாதிரிப் பழுதாவதில்லை. பேச மின்சாரம் நிறைய வேண்டும், கேட்கக் கொஞ்சம் போதும். ஆகவே ஊமையான கலம் செவிடாக இருக்கவேண்டும் என்பதில்லை. இந்த நம்பிக்கையில், பதிலை எதிர்பாராமலேயே ஒரே ஆணையை அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியபடி நாள்தோறும் அனுப்புவார்கள்.

வாயேஜர் 2 இதற்கு நல்ல சான்று. 2 டிகிரி விலகியதும் அதன் 8.4 கிகாஹெர்ட்ஸ் கற்றை பூமியைத் தவறவிட்டது; அந்தக் கற்றையின் அகலம் ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆனால் அதற்கு ஆணை போவது 2.1 கிகாஹெர்ட்ஸில். அலைவரிசை குறையக் குறைய அதே ஆன்டெனாவின் கற்றை விரியும் என்பதால், கேட்கும் திசையில் கதவு முழுதும் சாத்தப்படவில்லை, ஒருக்களித்துத்தான் இருந்தது. ஆகஸ்டு 1 அன்று அதன் ஊர்தி அலை மங்கலாகக் கேட்டது. பூமியை நோக்கித் திரும்பும்படி கலத்துக்கு ஓர் ஆணையை, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனா தன் உச்ச ஆற்றலில் அனுப்பியது. போவதற்கு 18 மணி நேரத்துக்கு மேல், வருவதற்கு 18 மணி நேரத்துக்கு மேல் என 37 மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு, ஆகஸ்டு 4 அன்று தரவுகள் வரத் தொடங்கின. அது பலிக்காமல் போயிருந்தாலும், அக்டோபர் 15 அன்று கலம் தானாகவே திசையைச் சரிசெய்துகொள்ளும்படி முன்பே நிரலில் எழுதி வைத்திருந்தார்கள்.

ரேடாரால் கண்டுபிடிக்க முடியாதா?

அருகில் இருந்தால் முடியும். ரேடாரின் எதிரொலி தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைவதால், தொலைவு இரட்டித்தால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். செவ்வாய் போன்ற தொலைவில் ஒரு சிறு கலத்தைப் பற்றி நினைத்தே பார்க்க முடியாது. சோஹோ இதற்கு எட்டும் தொலைவில் இருந்தது. 1998 ஜூலை 23 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோவில் இருந்த 305 மீட்டர் ஆன்டெனா வலிமையான அலையை அனுப்ப, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனா எதிரொலியைப் பிடித்தது. கலம் கணித்த இடத்திலேயே இருந்தது, உடையவில்லை, ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

சந்திரயான்-1-ஐயும் இவ்வாறே கண்டார்கள். 2009 ஆகஸ்டு 29 அன்று தொடர்பை இழந்த அக்கலத்தை, 2016 ஜூலையில் கோல்ட்ஸ்டோனிலிருந்து அலையனுப்பி, நிலவின் வடதுருவத்துக்கு மேலே காத்திருந்து, கிரீன் பேங்க் தொலைநோக்கியால் எதிரொலியைப் பிடித்து அடையாளம் கண்டனர். ஆனால் அதைப் பேசவைக்கும் வழி இல்லை.

ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்?

சூரியன் சுற்றிவரட்டும் என்றுதான். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

சுழலும் பொருளின் அச்சு விண்வெளியில் ஒரே திசையைப் பற்றிக்கொண்டிருக்கும். கலமோ சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இன்று சூரியத் தகடுகளின் விளிம்பு மட்டும் சூரியனை நோக்கி, மின்சாரமே உற்பத்தியாகாத நிலையில் கலம் கிடந்தாலும், சுற்றுப்பாதையில் கால் பங்கு கடந்ததும் அதே தகடுகள் சூரியனுக்கு நேர் எதிராக வந்துவிடக்கூடும். இதற்கு யாரும் எந்த ஆணையும் அனுப்பவேண்டியதில்லை. சோஹோ பூமியோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுவதால், அதற்குக் கால் சுற்று என்பது மூன்று மாதம். ஜூன் 25-க்கும் ஆகஸ்டு 3-க்கும் இடையில் சூரியன் இருக்கும் திசை கலத்தைப் பொறுத்து 40 டிகிரிக்கு அருகில் நகர்ந்திருந்தது. அந்த ஆகஸ்டு 3 அன்றுதான், ஆறு வாரமாக இடைவிடாமல் அழைத்துக்கொண்டிருந்த நிலையங்களில் கான்பெராவுக்கு, 2 முதல் 10 வினாடி வரை நீடித்த ஊர்தி அலைத் துணுக்குகள் கேட்டன.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. எந்த வாரத்தில் வெளிச்சம் போதிய அளவு விழும், அந்த வாரத்தில் எந்த நிலையத்திலிருந்து அழைக்கலாம், முதல் ஆணையாக எதை அனுப்புவது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி, கலத்தின் மாதிரி ஒன்றில் ஓட்டிப் பார்த்துத் தயாராக இருக்கவேண்டும்.

முதல் சமிக்ஞை கேட்டதும் ஆபத்து நீங்கிவிட்டதா?

உண்மையில் ஆபத்து மிகுந்த கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. பேட்டரி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். கலத்தைப் பேசச் சொல்வதே அதன் கடைசி மின்சாரத்தைச் செலவழிக்கச் சொல்வதாக ஆகலாம். மீட்புக் குழுக்களின் திறமையை நான் அளப்பது, சமிக்ஞை கிடைத்த அன்று அவர்கள் எவ்வளவு குறைவாக ஆணை அனுப்பினார்கள் என்பதை வைத்துத்தான்.

சோஹோ குழு செய்ததைப் பாருங்கள். ஆகஸ்டு 3-இல் கேட்ட குரலிடம் உடனே அவர்கள் தரவு கேட்கவில்லை. கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி, அது ஓரளவு ஏறிய பிறகு, ஆகஸ்டு 8 அன்று மிகச் சுருக்கமாக டெலிமெட்ரியை வாங்கிப் பார்த்தார்கள். வந்த எண்கள் மகிழ்ச்சி தருவனவாக இல்லை: எரிபொருளான ஹைட்ரசீன் தொட்டியிலேயே உறைந்திருந்தது. ஹைட்ரசீன் தண்ணீரைப் போலவே ஏறத்தாழ சுழியத்துக்குச் சற்று மேலே உறையக்கூடியது. உருகாத எரிபொருளோடு உந்துகருவியை இயக்க முடியாது. அவசரப்பட்டுக் குழாயை மட்டும் சூடேற்றினால், நடுவில் அடைபட்ட திரவம் விரிந்து குழாயை வெடிக்கச் செய்யலாம். எனவே ஆகஸ்டு 12 முதல் தொட்டியைச் சூடேற்றினார்கள். மின்சாரம் குறையும்போது நிறுத்தி, பேட்டரியை ஏற்றி, மறுபடி சூடேற்றினார்கள். தொட்டிக்குப் பிறகு குழாய்கள், குழாய்களுக்குப் பிறகு உந்துகருவிகள் என்று செப்டம்பர் நடுப்பகுதி வரை இதே வேலை நடந்தது. செப்டம்பர் 16 அன்று உந்துகருவிகளை இயக்கிச் சுழற்சியைக் குறைத்துக் கலத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினார்கள். 25 அன்று அது வழக்கமான நிலைக்குத் திரும்பியது.

அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் கடைசி கைரோஸ்கோப்பும் செயலிழந்தது. கைரோஸ்கோப்பு இல்லாமலே இயங்கும்படி புது நிரல் எழுதி 1999 பிப்ரவரியில் ஏற்றினார்கள். 2024 மார்ச்சில் அக்கலத்தின் படங்களில் 5,000-ஆவது வால்மீன் கண்டுபிடிக்கப்பட்டது.

ஸ்டீரியோ-பி-க்கு இந்த நற்பேறு கிட்டவில்லை. 22 மாத மௌனத்துக்குப் பிறகு 2016 ஆகஸ்டு 21 அன்று அதன் குரல் கேட்டபோது செய்திகள் கொண்டாடின. கலமோ கட்டுப்பாடின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்குள் செப்டம்பர் 23-க்குப் பிறகு தொடர்பு மறுபடி அறுந்தது. 2018 அக்டோபரில் அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஹயபுசா ஒரே ஒரு பிட்டில் பேசியது என்கிறார்களே, அது எப்படி?

2003 மே 9 அன்று ஏவப்பட்ட ஜப்பானின் ஹயபுசா, 2005 நவம்பரில் இட்டோகவா என்ற சிறுகோளில் இறங்கி எழுந்த பிறகு எரிபொருள் கசிவுக்கு ஆளானது. அதற்கு முன்பே திசை காக்கும் மூன்று சுழல் சக்கரங்களில் இரண்டு பழுதாகியிருந்தன. கசிந்து உள்ளே தேங்கிய எரிபொருள் ஆவியாகி வெளியேறிய உதைப்பில், டிசம்பர் 8 அன்று கலம் நிலைகுலைந்து மௌனமானது. எப்படி நிலைகுலைந்தாலும் காலப்போக்கில் அதன் தள்ளாட்டம் அடங்கி ஒரே அச்சில் சுழலும்படி கலத்தின் வடிவமைப்பு இருந்ததால், தகடுகளில் வெயில் விழும் நாள் வரும் என்று ஜப்பானிய விண்வெளி முகமையான ஜாக்ஸாவின் குழு காத்திருந்து அழைத்தது. 2006 ஜனவரி 23 அன்று ஊர்தி அலை கேட்டது.

அந்த அலையில் எண்களை ஏற்றியனுப்பக் கலத்துக்கு வலுவில்லை. ஆகவே பூமியிலிருந்து கேள்விகள் மட்டும் போயின. பேட்டரியின் மின்னழுத்தம் இந்த அளவுக்கு மேலே இருக்கிறதா? ஆம் என்றால் கலம் தன் அலையை ஒரு விதமாக மாற்றவேண்டும். இல்லை என்றால் வாளாவிருக்கவேண்டும். மேலே என்றால் அடுத்த கேள்வி இன்னும் உயர்ந்த அளவைக் கேட்கும், கீழே என்றால் தாழ்ந்த அளவைக் கேட்கும். இடைவெளியை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், பத்துக் கேள்விகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு வந்துவிடலாம். கலமோ சுழன்றுகொண்டிருந்ததால், பூமி அதன் பார்வையில் படும் சில வினாடிகளுக்குள்ளேயே கேள்வி போய்ச் சேரவேண்டியிருந்தது. முப்பது கோடி கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், ஆம், இல்லை என்ற இரண்டே சொற்களால் ஒரு நோயாளியைப் பரிசோதித்ததற்கு ஒப்பானது இது.

எரிபொருள் போய்விட்ட நிலையில், அயனி எஞ்சினுக்கென்று வைத்திருந்த செனான் வாயுவை அப்படியே பீய்ச்சி மெல்ல மெல்லத் திசையைத் திருப்பினார்கள். பிப்ரவரி இறுதியில் வினாடிக்கு 8 பிட் வேகத்தில் டெலிமெட்ரி வந்தது. திட்டத்தைவிட மூன்று ஆண்டு தாமதமாக, 2010 ஜூன் 13 அன்று, சிறுகோளின் துகள்களைச் சுமந்த அதன் பேழை ஆஸ்திரேலியாவின் உமேரா பாலைவனத்தில் இறங்கியது.

ஒரு கலத்துக்காக ஆன்டெனாக்களை நாள் முழுதும் ஒதுக்குவார்களா?

அவசர நிலை அறிவிக்கப்பட்ட முதல் சில நாட்களுக்கு ஒதுக்குவார்கள். கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய மூன்று இடங்களிலுமாக 70 மீட்டர் ஆன்டெனாக்கள் மூன்றே உள்ளன. இயங்கிக்கொண்டிருக்கும் கலங்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. எனவே நாள் செல்லச் செல்ல, காணாமற்போன கலத்துக்கு வாரத்தில் சில மணி நேரமே கிடைக்கும்.

வெளியார் யாராவது ஒரு கலத்தை மீட்டிருக்கிறார்களா?

பாதி வெற்றி கண்டிருக்கிறார்கள். 1978 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஐ.எஸ்.இ.இ-3 என்ற கலம் பல ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றபின், 2014-இல் பூமியின் அருகே திரும்பி வந்தது. அதனோடு பேசத் தேவையான பழைய கருவிகளை நாசா எப்போதோ அகற்றியிருந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டிய தன்னார்வலர் குழு ஒன்று, நாசாவின் ஒப்புதலோடு, பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, மென்பொருளால் இயங்கும் ரேடியோக் கருவியை அரசிபோ ஆன்டெனாவில் பொருத்தி, மே 29 அன்று கலத்தோடு பேசிவிட்டது. ஆனால் பாதையை மாற்ற ஜூலையில் உந்துகருவிகளை இயக்கியபோது, எரிபொருளை அழுத்தித் தள்ளும் நைட்ரஜன் வாயு தீர்ந்திருந்தது தெரியவந்தது. கலம் தன் பாதையிலேயே போய்விட்டது.

எப்போது கைவிடுகிறார்கள்?

கலம் பிழைத்திருக்க முடியாது என்று கணக்கு சொல்லும்போது. செவ்வாயில் புழுதிப் புயலில் சிக்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி 2018 ஜூன் 10-க்குப் பிறகு பேசவில்லை. புயல் அடங்கி, தகடுகளின் மேல் படிந்த தூசியைக் காற்று துடைத்துவிடக்கூடிய பருவமும் கடக்கும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகளை அனுப்பிப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரி 13 அன்று நாசா அதன் பணி முடிந்ததாக அறிவித்தது. ஆறு மாதத்துக்கென வடிவமைக்கப்பட்டு, 2014 செப்டம்பர் 24 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் செவ்வாயைச் சுற்றிய மங்கள்யான், 2022 ஏப்ரலில் நீண்ட கிரகண நிழலில் சிக்கித் தொடர்பை இழந்தது. எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும், ஆன்டெனாவைப் பூமியை நோக்கி நிறுத்த அதனால் இயலாது என்று ஆராய்ந்து, மீட்க முடியாது என்ற முடிவை அந்த அக்டோபரில் இஸ்ரோ வெளியிட்டது. மங்கள்யானும் அதுபோலவே மௌனமான மற்ற கலங்களும் தத்தம் பாதையில் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் பெயரில் ஆன்டெனா நேரம் மட்டும் இப்போது ஒதுக்கப்படுவதில்லை.